ஸ்லோவில் நிற்காத மோட்டார்

மல்லிப்பட்டினம் துறைமுகத்திலோ அதிராம்பட்டினம் கரையிலோ ஒரு பழைய அவுட்போர்டு மோட்டாரின் சொந்தக்காரரிடம் பேச்சுக் கொடுத்தால், முதலில் வருவது பெருமைதான். "ஓட்டத்துல ஒரு குறையும் கிடையாதுண்ணே, பறக்கும்." குறை அடுத்த மூச்சில் வரும். "ஸ்லோவுல மட்டும் நிக்க மாட்டேங்குது." வலை போட்ட இடம்வரை சீறிக்கொண்டு போன மோட்டார், அங்கே போய்க் கைப்பிடியைத் தளர்த்தியதும் இரண்டு தரம் இருமிவிட்டு அணைந்துபோகும். கயிற்றை இழுத்தால் பிடிக்கும். ரேஸ் கொடுத்தால் ஓடும். விட்டால் மறுபடி அணையும். ஒரு கை வலையில், ஒரு கை கைப்பிடியில் என்று ஆள் திண்டாட வேண்டியதுதான்.

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கிடக்கும் கடலில் இதைச் சின்னத் தொல்லை என்று தள்ளிவிட முடியாது. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். பெரும்பகுதியில் 15 மீட்டர்கூட இருக்காது; கரையோரத்தில் படகைவிட்டு இறங்கினால் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கலாம். அடியில் சேறு, சேற்றின்மேல் கடற்புல். அந்தப் புல்லை மேய்ந்து வாழும் ஆவுளியாவுக்காக, அதாவது கடற்பசுவுக்காக, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது. புல்லுக்கு மேலே போகும்போது, ஆற்று முகத்துவாரத்தில் நுழையும்போது, வலையை ஏற்றும்போது, இன்னொரு படகோடு சேரும்போது மெதுவாகத்தான் போயாக வேண்டும். கிழக்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் கால்வாய்களிலும் அப்படித்தான். இந்தக் கரையின் வள்ளங்கள் பலவற்றில் இருப்பது டீசல் எஞ்சின். அவற்றுக்கு இந்த வம்பு குறைவு. ஃபைபர் படகின் பின்பலகையில் மாட்டிய டூ ஸ்ட்ரோக் மோட்டாருக்குத்தான் இது பிறவிக்குணம் மாதிரி ஒட்டிக்கொள்கிறது.

இதற்குக் கரையில் ஒரு கைவைத்தியம் உண்டு. ஸ்லோ ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் திருகிவிடுவார்கள். நிமிடத்துக்கு 700, 800 சுற்றில் நிற்க வேண்டிய மோட்டார் 1,400 சுற்றில் இரைந்துகொண்டு நிற்கும். அணையாது, அது உண்மை. ஆனால் அவுட்போர்டின் கியர் காரில் இருப்பதுபோல வேகத்தைச் சரிசெய்துகொண்டு மெல்ல இணைவதில்லை. சுழன்றுகொண்டிருக்கும் பல்லின் இடுக்கில் நிற்கும் பல் நேராகப் போய் விழுகிறது. 700 சுற்றில் விழுந்தால் ஒரு 'டக்'. 1,400இல் விழுந்தால் சுத்தியடி. நாளுக்குப் பல தடவை இப்படி அடி வாங்கும் பற்களின் மூலை மழுங்கும். பிறகு ஓட்டத்தின் நடுவே கியர் தானாகக் கழலும். அடிப்பெட்டியைப் பிரிக்க ஆகும் செலவில் நாலு கார்பரேட்டரைச் சுத்தம் செய்துவிடலாம். ஸ்லோ ஸ்க்ரூ கடைசியாகத் தொட வேண்டிய பாகம். நம் ஊரில் முதலில் தொடுவதே அதைத்தான்.

ஓட்டத்தில் குறையில்லாத மோட்டார் ஸ்லோவில் ஏன் நிற்பதில்லை? மெதுவாக ஓடுவது எஞ்சினுக்கு ஓய்வு என்று நினைத்துக்கொள்கிறோம். அதனால்தான் கேள்வியே விசித்திரமாகப் படுகிறது. நடப்பது நேர்மாறு. பொங்கல் விளையாட்டுகளில் மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டி பார்த்தவர்களுக்கு இது புரியும்: வேகமாகப் போகிறவன் கையை விட்டுக்கூட ஓட்டுவான், மெதுவாகப் போகிறவன்தான் ஆடி விழுவான். எஞ்சினின் மேலே தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் ஃப்ளைவீல் சேர்த்துவைக்கும் ஆற்றல், வேகத்தின் இருமடிக்கு ஏற்றாற்போல் கூடும். 5,000 சுற்றில் இருப்பதைவிட 750 சுற்றில் வேகம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. கையிருப்பு ஆற்றலோ 44இல் ஒரு பங்கு. 5,000இல் ஒரு வெடிப்புத் தவறினால் யாருக்கும் தெரியாது. 750இல் ஒன்று தவறினால் அடுத்த அமுக்கத்தைத் தாண்டவே பிஸ்டன் திணற வேண்டும்.

நேரக் கணக்கையும் பார்க்க வேண்டும். 5,000 சுற்றில் ஒரு சுற்றுக்கு 12 மில்லிசெகண்டு. 750இல் 80 மில்லிசெகண்டு. தேய்ந்த ரிங் வழியாகக் கசியும் அமுக்கத்துக்கும், குளிர்ந்த சுவரில் போய்ச் சேரும் வெப்பத்துக்கும் ஏறத்தாழ ஏழு மடங்கு அவகாசம் கிடைத்துவிடுகிறது. வேகத்தில் ஒளிந்துகொண்டிருந்த ஓட்டை உடைசல் எல்லாம் ஸ்லோவில்தான் வெளியே வரும்.

டூ ஸ்ட்ரோக்குக்கு இன்னொரு சிக்கல் கூடுதல். தஞ்சை மாவட்டத்தில் பாதிப் பேர் டிவிஎஸ் 50 ஓட்டி வளர்ந்தவர்கள். 1980இல் வந்த அந்த வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது சத்தம் சீராக வராது, 'டப்... டப் டப்... டப்' என்று தாளம் தப்பும். அது பழுதல்ல. டூ ஸ்ட்ரோக்கில் எரிந்த புகையை வெளியே தள்ள என்று தனி வீச்சு கிடையாது. கீழே இருக்கும் கிராங்க்கேஸிலிருந்து வரும் புதுக் கலவைதான் பழைய புகையை முட்டித் தள்ள வேண்டும். த்ராட்டில் மூடியிருக்கும்போது வருவது கொஞ்சூண்டு கலவை. முட்டித் தள்ள அதற்கு வலுவில்லை. சிலிண்டருக்குள் பழைய புகையே பெரும்பங்கு தங்கிவிடுகிறது. தீப்பொறி வந்தும் பற்றாது. அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம் கலவை சேரும், அதற்கடுத்ததில் பற்றும். நல்ல நிலையில் இருக்கும் டூ ஸ்ட்ரோக்கே ஸ்லோவில் இப்படித் தத்தளித்துத்தான் ஓடுகிறது. அதில் ஒரு பழுதும் சேர்ந்தால் அணையாமல் என்ன செய்யும்?

அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் 1909இல் விற்கத் தொடங்கிய ஒன்றரை குதிரைத்திறன் மோட்டாரில் இந்தத் தொல்லையே எழவில்லை. 28 கிலோ எடையுள்ள அந்தக் கருவியில் நியூட்ரல் கிடையாது. எஞ்சின் பிடித்த கணமே படகு கிளம்பிவிடும். நிற்க வேண்டுமென்றால் எஞ்சினை அணைக்க வேண்டும். படகு நிற்க, எஞ்சின் ஓட வேண்டும் என்ற ஆசை வந்தபிறகு வந்த நோய் இது.

கார்பரேட்டருக்கு வருவோம். பத்தில் ஏழு எட்டுத் தடவை பழுது அங்கேதான் இருக்கும் என்று மெக்கானிக்குகள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள், நானும் மறுக்க மாட்டேன். கார்பரேட்டர் வெளியே ஒரே பெட்டி. உள்ளே எரிபொருளுக்கு இரண்டு தனித்தனி வழிகள். நடுவில் குறுகும் குழாயில் காற்று பாயும்போது அழுத்தம் குறைந்து, மெயின் ஜெட் வழியாக எரிபொருள் மேலேறிக் காற்றில் தெளிக்கப்படுகிறது. இது வேகத்துக்கான வழி. கைப்பிடியைத் தளர்த்தினால் த்ராட்டில் தகடு குழாயை ஏறக்குறைய அடைத்துவிடும்; காற்றின் வேகம் விழுந்துவிடும்; மெயின் ஜெட்டிலிருந்து ஒரு சொட்டுகூட எழும்பாது. அதே சமயம் அடைத்த தகட்டுக்கு எஞ்சின் பக்கத்தில் உறிஞ்சல் அதிகம். அந்த உறிஞ்சலை நம்பித் தகட்டின் ஓரத்தில் ஊசிமுனைத் துளை ஒன்று வைத்திருக்கிறார்கள். அதற்கு எரிபொருள் வருவது ஸ்லோ ஜெட் வழியாக. மெயின் ஜெட் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஸ்லோவுக்கு அதனால் பயனில்லை. "ஓட்டத்துல குறை இல்ல" என்ற வாக்குமூலம் மெயின் ஜெட்டுக்கு மட்டும்தான் செல்லும்.

ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதன் சுவரில் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்குப் படலம் படிந்தால் விட்டம் 0.4 ஆகிறது. பார்வைக்கு ஒன்றும் தெரியாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துளை திறந்தே இருக்கும். ஆனால் பரப்பில் 36 விழுக்காடு போய்விட்டது. படலம் எங்கிருந்து வருகிறது? கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளிக்கும் வாரங்களில் சின்னப் படகுகள் கரையேறிக் கிடக்கும். கார்பரேட்டர் கிண்ணத்தில் தங்கிய எரிபொருளில் லேசான பகுதி ஆவியாகிவிட, மிச்சம் காற்றோடு வினைபுரிந்து பழுப்புப் பிசினாக இறுகும். அதனுடன் எரிபொருளில் கலந்த டூ டி ஆயிலும் சேர்ந்து கெட்டியாகும். மழைக்குப் பிறகு முதல் நாள் கடலுக்குப் போகும் மோட்டார்கள் வரிசையாக ஸ்லோவில் மக்கர் செய்வது இதனால்தான்.

சுத்தம் செய்யும்போது பலர் செய்யும் கொடுமை, பிரேக் ஒயரிலிருந்து ஓர் இழையைப் பிரித்து ஜெட்டுக்குள் குத்துவது. ஜெட் பித்தளை, கம்பி எஃகு. ஒரே குத்தில் துளை நீள்வட்டமாகிவிடும். அதன்பின் அந்த மோட்டார் காலமெல்லாம் கூடுதலாகக் குடித்துக்கொண்டே புகைக்கும். வலைக்கு வாங்கிய நைலான் நரம்பில் மெல்லியதாக ஒரு சாண் போதும். பித்தளையைக் கீறாது. ஜெட்டைக் கழற்றிக் கரைப்பானில் ஊறவைத்து, நரம்பை விட்டு இழுத்து, காற்றடித்தால் வேலை முடியும். தகட்டோரம் இருக்கும் ஊசித்துளைகளுக்கும் அதே வைத்தியம். அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் உண்டு. ஸ்லோவில் நின்று, கைப்பிடியை லேசாகத் திருகியதும் மட்டும் அணைந்தால், அடைத்திருப்பது அந்த வரிசையில் அடுத்த துளை.

கார்பரேட்டரைக் கழற்றுவதற்கு முன்னால் மோட்டாரிடமே கேட்டுவிடலாம். அது பதில் சொல்லும். அணையப்போகிற நேரத்தில் சோக்கை லேசாக இழுத்துப் பாருங்கள். சுற்று ஏறி மோட்டார் தெளிந்தால் எரிபொருள் போதவில்லை, அல்லது எங்கிருந்தோ திருட்டுக் காற்று நுழைகிறது என்று பொருள். சோக் இழுத்ததும் இன்னும் மோசமானால் ஏற்கெனவே எரிபொருள் மிகுதி: கிண்ணத்துக்குள் வரும் எரிபொருளை நிறுத்தும் ஃப்ளோட் ஊசி பிடிக்கவில்லை, அல்லது சோக் முழுதாகத் திறக்கவில்லை. அடுத்து, எரிபொருள் குழாயில் இருக்கும் ரப்பர் பல்பு. மோட்டார் தடுமாறும்போது அதை அமுக்கினால் பிழைத்துக்கொள்கிறதா? அப்படியானால் ஜெட்டை விட்டுவிட்டு எரிபொருள் பம்ப்பைப் பாருங்கள். இந்தப் பம்ப்புக்குத் தனியாக மோட்டார் எதுவும் கிடையாது. கிராங்க்கேஸில் ஏறி இறங்கும் அழுத்தத் துடிப்புதான் அதன் மெல்லிய சவ்வை ஆட்டுகிறது. ஸ்லோவில் துடிப்பு பலவீனம். விறைத்துப்போன பழைய சவ்வு வேகத்தில் ஆடும், ஸ்லோவில் ஆடாது. டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறக்க மறந்துவிட்டு மோட்டாரைத் திட்டுகிறவர்களும் உண்டு. முதலில் அதைப் பார்த்துக்கொள்வது மானத்துக்கு நல்லது.

திருட்டுக் காற்று என்றேனே, டூ ஸ்ட்ரோக்கில் அதற்கு வாசல்கள் நிறைய. கார்பரேட்டர் கேஸ்கட், கிராங்க்கேஸின் இரு பாதிகள் சேரும் கோடு, ஃப்ளைவீலுக்கு அடியில் இருக்கும் ஆயில் சீல். முழு வேகத்தில் எஞ்சின் குடிக்கும் காற்று வெள்ளமாக இருக்கும். ஒரு சின்ன ஓட்டை வழியாக வருவது அதில் கணக்கிலேயே சேராது. ஸ்லோவில் எஞ்சின் குடிப்பதே கொஞ்சம். அதே ஓட்டை இப்போது கலவையைக் குலைத்துவிடும். ஓடும்போது இணைப்புகளில் மெல்லிய எண்ணெயைத் தெளித்தால், ஓட்டை இருக்கும் இடத்தில் தெளித்த கணம் சத்தம் மாறும். பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் வீரர்களும் இருக்கிறார்கள். சூடான எஞ்சினில் அந்தச் சோதனைக்கு முடிவு ஒன்றுதான்.

கடல்நீரில் மூழ்கி எழுந்த மோட்டாருக்கு இந்தச் சீல் பழுது கட்டாயம் வரும் என்றே வைத்துக்கொள்ளலாம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியபோது தென்னை மட்டும் சாயவில்லை. இந்தக் கரையின் படகுகளும் நொறுங்கின. மூழ்கிய எஞ்சினைச் சில மணி நேரத்துக்குள் நல்ல தண்ணீரில் கழுவி, எண்ணெய் விட்டுச் சுற்றிவிட்டால் பிழைக்கும். நாள் கடந்தால், சீல் உராயும் இடத்திலேயே கிராங்க் தண்டில் துருப்பள்ளம் விழுந்துவிடும். அதன்மேல் எத்தனை புதுச் சீல் போட்டாலும் காற்று பிடிக்காது.

ரீட் வால்வும் இதே கதைதான். கார்பரேட்டருக்குப் பின்னால், கலவையை உள்ளே விட்டுத் திரும்ப விடாமல் மூடிக்கொள்ளும் மெல்லிய தகடுகள். ஒன்றின் முனை உடைந்தாலோ வளைந்தாலோ, பிஸ்டன் இறங்கும்போது கலவை கார்பரேட்டர் வாய் வழியாகவே திரும்பித் துப்பும். வேகத்தில் தகடு மூடித் திறக்கும் கால அளவு குறைவு, துப்புவது தெரியாது. ஸ்லோவில் கார்பரேட்டர் வாயில் உள்ளங்கையை வைத்தால் ஈரம் படியும்.

இனி மண்ணெண்ணெய். இந்தியாவிலும் இலங்கையிலும் மீனவர்கள் கையில் இருக்கும் அவுட்போர்டு மோட்டார்களில் கணிசமானவை மண்ணெண்ணெயில் ஓடுகிறவை. காரணம் விலை, வேறில்லை. தமிழ்நாட்டில் மீனவர்களுக்கு மானிய விலை மண்ணெண்ணெய் தரும் திட்டம் உண்டு. விரிகுடாவின் அக்கரையில், 2022 ஆகஸ்டில் இலங்கை அரசு மண்ணெண்ணெய் விலையை லிட்டருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏற்றியபோது கடலோர ஊர்களின் கணக்கே தலைகீழானது. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வித்தை டெல்டாக்காரர்களுக்குப் புதிதல்ல. வாய்க்காலோரம் வைத்து இறைத்த மண்ணெண்ணெய்ப் பம்ப்செட்டிலேயே பழகியதுதான்.

பெட்ரோல் சுமார் 35 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்குவது 150 டிகிரிக்கு அருகில். தீப்பொறி பட்டதும் பற்றும் அளவுக்கு ஆவி விட, பெட்ரோலுக்கு உறைபனிக்குக் கீழே 40 டிகிரிக் குளிர்கூடத் தடையில்லை. மண்ணெண்ணெய்க்கு 35 டிகிரிக்கு மேல் வேண்டும். முழு வேகத்தில் எஞ்சின் சூடு, காற்றின் வேகம் இரண்டும் சேர்ந்து மண்ணெண்ணெயைத் தூளாக்கி ஆவியாக்கிவிடுகின்றன. ஸ்லோவில் சூடும் குறைவு, காற்றும் மந்தம். எரிபொருள் துளியாகவே கிராங்க்கேஸின் அடியில் போய்த் தங்கும். சிலிண்டருக்குப் போகும் கலவை மெலிந்துகொண்டே வரும். பிறகு ரேஸ் கொடுத்ததும் தேங்கியது மொத்தமாக மேலேறி பிளக்கை நனைக்கும். ஒரே மோட்டார் முதலில் பட்டினியாலும், அடுத்த நிமிடம் அஜீரணத்தாலும் அணைவதன் ரகசியம் இது. போதாக்குறைக்கு, மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்பே வெடிக்கும் தன்மை உள்ளதால் அந்த மோட்டார்களில் அமுக்க விகிதத்தைக் குறைத்தே வைத்திருப்பார்கள். ஸ்லோவில் அதுவும் ஒரு பலவீனம்.

கரைக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்பே பெட்ரோலுக்கு மாற்றி, கிண்ணத்தில் இருக்கும் மண்ணெண்ணெய் தீரும்வரை ஓட்டிவிட்டு அணைப்பது பழைய கைகளின் வழக்கம். அவசரத்தில் மண்ணெண்ணெயிலேயே அணைத்தால் மறுநாள் அதிகாலை கயிறு இழுத்துத் தோள் கழலும்.

இதோடு சேர்ந்து ஒரு தப்பு பரவலாக நடக்கிறது. கடல்நீரை உறிஞ்சித்தான் இந்த மோட்டார்கள் குளிர்கின்றன. எஞ்சின் 50, 60 டிகிரிக்கு வரும்வரை தண்ணீரைத் தடுத்துவைப்பது தெர்மோஸ்டாட். உப்பும் சேறும் கடற்புல் துணுக்கும் சேர்ந்து அது ஒட்டிக்கொண்டால் எஞ்சின் கொதித்துவிடும் என்று பயந்து, அதைக் கழற்றியே எறிந்துவிடுகிறார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் அதன்பின் அந்த எஞ்சின் ஸ்லோவில் ஒருபோதும் போதிய சூட்டுக்கு வராது. மண்ணெண்ணெயில் ஓடும், சூடேறாத எஞ்சினில் ஸ்லோ ஸ்க்ரூவை எத்தனை திருகினாலும் பலன் இல்லை. கழற்றி எறிவதற்குப் பதில், கரைக்கு வந்ததும் பத்து நிமிடம் நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவலாம். அதற்குத் தண்ணீரும் பொறுமையும் வேண்டும். இரண்டும் கரையில் தட்டுப்பாடு.

பெட்ரோல் மட்டும் போடுகிறவர்களுக்கு இப்போது புதுச் சங்கடம் வந்திருக்கிறது. இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022இல் 10 விழுக்காட்டை எட்டி, 2025இல் 20 விழுக்காடு ஆகிவிட்டது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இருபது விழுக்காடு கலந்தால் தேவை சுமார் 13.5 கிலோவாக இறங்குகிறது. கணினி வைத்த புது எஞ்சின் அதைத் தானே கண்டு எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். துளை நிர்ணயிக்கப்பட்ட பழைய கார்பரேட்டருக்கு அது தெரியாது. பழைய அளவையே ஊற்றும். கலவை ஏழெட்டு விழுக்காடு மெலியும். படலம் படிந்து ஏற்கெனவே விளிம்பில் நின்ற ஸ்லோ ஜெட்டுக்கு அந்த ஏழெட்டே போதும். அத்துடன் எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பாதி நிரம்பிய டேங்க் கடற்காற்றில் பகலும் இரவும் கிடந்தால் உள்ளே நீர் சேரும். அளவு மீறினால் எத்தனாலும் நீரும் கூட்டாகப் பிரிந்து அடியில் தங்கும்; குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். அந்த அடுக்கில் டூ டி ஆயில் கரையாது. ஸ்லோவில் அணைவதோடு போனால் பரவாயில்லை. ஆயில் இல்லாமல் ஓடினால் பிஸ்டனே பிடித்துக்கொள்ளும். கண்ணாடிக் குப்பியில் டேங்க் அடியிலிருந்து கொஞ்சம் பிடித்து நிறுத்திவைத்தால் இரண்டு அடுக்காகத் தெரிகிறதா என்று பார்த்துவிடலாம். படகுக்கு வாங்கும் பெட்ரோலை வாரக்கணக்கில் தேக்கிவைக்கும் பழக்கத்தை விட்டாக வேண்டும்.

எரிபொருள் பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் நிற்கவில்லை என்றால் தீப்பொறியைப் பார்க்க வேண்டும். பழைய மோட்டாரில் பேட்டரி கிடையாது. ஃப்ளைவீலில் பதித்த காந்தம் சுருளைக் கடக்கும்போது பிறக்கும் மின்சாரமே பொறியாகிறது. காந்தப்புலம் எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவு மின்னழுத்தம். 1831இல் ஃபாரடே கண்டதன்படி, 750 சுற்றில் கிடைப்பது 5,000 சுற்றில் கிடைப்பதைவிட மிகக் குறைவு. உப்பு ஏறிய இணைப்பு, விரிசல் விட்ட பிளக் ஒயர், இடைவெளி அகன்ற பிளக் ஆகியவை வேகத்தில் மன்னிக்கப்படும், ஸ்லோவில் மன்னிக்கப்படாது. கைப்பிடியைத் திருகும்போது த்ராட்டிலோடு சேர்ந்து பொறி விழும் நேரமும் நகர்கிறது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. ஸ்லோவில் பிஸ்டன் உச்சிக்கு வரும் தறுவாயிலும், வேகத்தில் அதற்கு இருபது டிகிரிக்கும் முன்பாகவும் பொறி விழ வேண்டும். நடுவில் இருக்கும் கோல், புஷ் தேய்ந்து ஆடினால் இந்தச் சோடி பிசகும்.

இரண்டு சிலிண்டர் மோட்டாரில் ஒன்று செத்தே கிடக்கும், வேகத்தில் மற்றது இழுத்துக்கொண்டு போய்விடும். அதைப் பிடிக்க, ஸ்லோவில் ஒரு பிளக்கின் பொறியை மட்டும் நிறுத்திப் பார்க்க வேண்டும். நல்ல சிலிண்டரை நிறுத்தினால் மோட்டார் தள்ளாடும். நிறுத்தியும் சத்தம் மாறவில்லையா, சோம்பேறி அதுதான். ஒயரைப் பிடுங்கி அந்தரத்தில் விடக்கூடாது, உடலோடு பூமி இணைப்புக் கொடுத்துவிட வேண்டும். போக வழியில்லாத மின்னழுத்தம், பொறியை ஏவும் சி.டி.ஐ. பெட்டியைக் கொன்றுவிடும். பிறகு இரண்டு பிளக்கையும் கழற்றி அருகருகே வைத்துப் பார்த்தால் பாதிக் கதை தெரியும். கறுத்து ஈரமாக இருப்பது எரியாதது, வெளுத்தது பட்டினி கிடந்தது. ஒன்று மட்டும் நீரில் அலம்பியதுபோலச் சுத்தமாக இருந்தால் ஹெட் கேஸ்கட் வழியாகக் கடல்நீர் உள்ளே வருகிறது.

புகை போகும் வழி பற்றி யாரும் கேட்பதில்லை. ஓட்டத்தில் புகை புரொப்பெல்லரின் நடு வழியாகத் தண்ணீருக்கு அடியில் வெளியேறும். ஸ்லோவில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியேற அதற்கு அழுத்தம் போதாது. அதனால் நீர்மட்டத்துக்கு மேலே சின்னத் துளை ஒன்று தனியாக விட்டிருப்பார்கள். சேற்றுக் கடலில் அந்தத் துளை உப்பும் கரியும் சேர்ந்து அடைந்துபோகும். புகை வெளியேறாமல் எஞ்சின் தன் மூச்சிலேயே மூழ்கும். ஒரு குச்சியால் குத்தித் திறந்ததும் மோட்டார் ஸ்லோவில் நின்றுவிட்டால், நாள் முழுக்க கார்பரேட்டரைப் பிரித்துக் கோத்தவர் முகத்தைப் பார்க்க முடியாது.

பட்டறையில் மோட்டாரைத் தண்ணீர் டிரம்மில் இறக்கி ஓடவிட்டு ஸ்லோ பிடிப்பது வழக்கம். டிரம்மைச் சுற்றிப் புகை மண்டும். அதையே எஞ்சின் திரும்பக் குடிக்கும். அங்கே பிடித்த ஸ்லோ கடலில் பொருந்தாது. கடைசிச் சரிபார்ப்பைத் தண்ணீரில், படகில், எஞ்சின் நன்றாகச் சூடேறியபின், எந்த எரிபொருளில் தொழிலுக்குப் போகிறோமோ அதில், கியர் போட்ட நிலையில் செய்ய வேண்டும். கலவைத் திருகை (ஸ்லோ ஸ்க்ரூவை அல்ல) மெல்ல உட்கார வைத்து, கையேடு சொல்லும் சுற்றுக்கு, பெரும்பாலும் ஒன்றரைச் சுற்றுக்கு அருகில், வெளியே எடுத்து, அங்கிருந்து கால் கால் சுற்றாக நகர்த்தி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பொறுத்துக் கேட்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது முக்கியம். பிளக், ஜெட், திருகு மூன்றையும் ஒரே மதியத்தில் மாற்றினால், மோட்டார் ஸ்லோவில் நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது. அடுத்த மழைக்கு மறுபடி முதலிலிருந்து.

இத்தனைக்குப் பிறகும் 1,000 சுற்றுக்குக் கீழே நிற்க மறுத்தால் கம்ப்ரஷன் கேஜை மாட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு சிலிண்டருக்கும் இடையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரிங் தேய்ந்துவிட்டது, அல்லது சிலிண்டர் கீறியிருக்கிறது. அதைத் திறந்து செய்வதா, பாரம்பரியப் படகுகளுக்கு வெளிப்பொருத்தும் இயந்திரம் வாங்க மீன்வளத் துறை தரும் 40 விழுக்காடு மானியத்துக்கு விண்ணப்பிப்பதா என்பது படகுக்காரரின் கணக்கு. மானியம் வருவதற்குள் இன்னும் எத்தனையோ நாள் கடலுக்குப் போக வேண்டியிருக்கும். அதுவரைக்கும் வேண்டுமானால் ஸ்லோ ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளட்டும். 1,000 சுற்றைத் தாண்டாமல் வைத்து, கியரைத் தயங்கித் தயங்கிப் போடாமல் ஒரே வீச்சில் போட்டால் பற்கள் அதுவரை தாங்கும்.